மின்சாரம் இல்லாத மணிகள்

"ஏழு வரைக்கும் நானே எழுதிட்டேன். எட்டாவது கேள்விதான் உள்ள இறங்க மாட்டேங்குது. நீ படி, குட்டி."

"படிச்சிட்டேன் அத்தான்."

"வாய்விட்டுப் படி. உங்க ஆபீஸ் பாஷையெல்லாம் யாராவது சொல்லிக் கேட்டாத்தான் எனக்கு மண்டையில ஏறும்."

"'விண்ணப்பதாரரின் தொழில், பாதுகாப்புப் பட்டியலின் முதல் வரைவில் இடம்பெற்றுப் பின்னர் நீக்கப்பட்டதற்கான சான்று. வரைவின் உரிய பக்கம், முத்திரையிட்ட நகலாக இணைக்கப்பட வேண்டும்.'"

"அதாவது?"

"முதல் லிஸ்ட்ல நம்ம பொருள் இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்கன்னு காட்டணும்."

"இருந்துச்சே! நீதானே சொன்ன?" அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "அன்னைக்கு ஓடி வந்து சொல்லலியா, கடைசி நிமிஷத்துல தூக்கிட்டாங்க, நான் எவ்வளவோ சொல்லியும் கேக்கலன்னு? ஏய், இங்க வா. சொன்னாளா இல்லையா?"

அக்கா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு இரண்டு கைகளிலும் தேநீர்க் கோப்பைகளோடு வந்தாள். "சொன்னா, சொன்னா. மூக்க உறிஞ்சிக்கிட்டே சொன்னா. என் புடவைத் தலைப்பு பூரா ஈரம்."

"அப்புறம் என்ன? அந்தப் பக்கத்த ஒரு காப்பி எடுத்து ஒரு முத்திரை குத்தி இவ கையில குடுத்தா முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ஜன்னல சாத்திருவான். இன்னைக்கு ஞாயிறு. உனக்கு நாலு நாள் தாராளம்."

நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

அத்தான் சைக்கிள் மணி செய்பவர். அக்காவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே அவருக்கு அந்தப் பட்டறை உண்டு. கல்லூரியில் படித்த நான்கு வருடமும் நான் அதன் மாடி அறையில்தான் இருந்தேன். கீழே தகட்டை அழுத்தும் பிரஸ் இறங்கும்போதெல்லாம் என் மேசையில் பேனா ஒரு நூல் அளவு நகரும். நான் தேர்வுக்குப் படிப்பதாக அக்கா கீழே போய்ச் சொல்வாள். பிரஸ் நிற்கும். நிற்காமலே இருந்திருந்தால் நன்றாகப் படித்திருப்பேன் என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தது பட்டறையின் மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்ட சிறிய அறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று பிரஸ்கள். இரண்டை நீலத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் ஓடியது. பதினோரு பேர் வேலை செய்த இடத்தில் நான்கு பேர் மிச்சம். அவர்களில் ஒருத்தி, செய்து முடித்த மணி ஒவ்வொன்றையும் மூன்று முறை அடித்துப் பார்த்து, சரியில்லாததை இடப்பக்கக் கூடையில் போடுகிறவள். எல்லோரும் அவளை டிரிங் அக்கா என்பார்கள். கூடை நிறைய வேண்டுமென்றால் முதலில் மணி வேண்டுமே என்று அவள் இப்போதெல்லாம் பின்னல் வேலை கொண்டுவந்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் நாடும் சுற்றியுள்ள நான்கு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒருவர் பொருள் இன்னொருவர் எல்லைக்குள் இனி சுங்க வரி இல்லாமல் போகலாம், வரலாம். ஆனால் எந்த நாடும் எடுத்த எடுப்பில் எல்லாக் கதவையும் திறந்துவிடாது. ஒவ்வொரு நாடும் இருநூறு பொருள்களுக்கு மட்டும் பழைய வரியைப் பத்து வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று விதி. அந்த இருநூறின் தொகுப்புக்குத்தான் பாதுகாப்புப் பட்டியல் என்று பெயர். அதைத் தயாரித்தது வணிகத் துறையில் எங்கள் பிரிவு. பட்டியலைத் தட்டச்சு செய்து, கூட்டி, சரிபார்த்து, பக்க எண் போட்டது நான்.

சைக்கிள் மணி அந்த இருநூறில் இல்லை.

இப்போது அரசுக்கு மனசாட்சி உறுத்தியதோ, தேர்தல் நெருங்கியதோ, ஓர் உதவித் திட்டம் வந்திருந்தது. முதல் வரைவில் இருந்து பின்னால் விடுபட்டுப்போன தொழில்களுக்கு, வேறு பொருளுக்கு மாறிக்கொள்ளப் புதிய அச்சும் இயந்திரமும் அரசே தரும். அத்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார்: பிரேக் பிடி. பக்கத்து நாட்டு சைக்கிள் கம்பெனிகளுக்கு பிரேக் பிடி போதவில்லையாம். வரியில்லாத எல்லை இரண்டு பக்கமும் திறந்துதானே இருக்கிறது. "அவன் மணி இங்க வந்தா நம்ம பிடி அங்க போகட்டுமே. நானென்ன அழுதுக்கிட்டேவா உக்காந்திருக்கணும்?" என்றார். பிரஸ் அதேதான், அச்சு மட்டும் வேறு. அது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மூன்று பிரஸ்ஸையும் பழைய இரும்புக்காரன் வந்து பார்ப்பதாகப் பேச்சு.

"ஒரு தாள்தானே குட்டி," என்றார் என்னைப் பார்த்து. "அவ்வளவு போராடின நீ. இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

நான் போராடவில்லை.

முதல் வரைவில் இருநூற்றுப் பதினொரு பொருள்கள் இருந்தன. பக்கத்து நாடுகளின் குழுக்கள் மறுநாள் காலை வந்து இறங்க இருந்தன. துணைச் செயலர் மதியம் சாப்பாட்டுக்குப் பின் என் மேசைக்கு வந்து, பட்டியலைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "பதினொண்ணு அதிகம். நாலு மணிக்குள்ள வெட்டிக் குடுத்திரு. காரணப் பத்தியில காரணம், பக்கத்துல உன் இனிஷியல். நான் படிக்காமலே கையெழுத்துப் போடுற மாதிரி சுத்தமா இருக்கணும்," என்றார். அவர் நல்ல மனிதர். படிக்காமல் கையெழுத்துப் போடுவதை நம்பிக்கை என்று நினைப்பவர்.

பத்துப் பொருள்களை வெட்டியது பெரிய காரியமில்லை. உள்நாட்டில் யாருமே செய்யாத கண்ணாடிக் குழாயை யாரோ ஒரு மந்திரிக்காகச் சேர்த்திருந்தார்கள். அதுபோல இன்னும் சில. பதினொன்றாவதற்கு இரண்டு பொருள்கள் எஞ்சின. ஒன்று பிளாஸ்டிக் சீப்பு. மற்றொன்று பட்டியலில் இப்படி இருந்தது: "மணிகள், மின்சாரம் இல்லாதவை, சாதாரண உலோகத்தில்." பள்ளிக்கூட மணியிலிருந்து மாட்டுக் கழுத்து மணி வரை எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் நாட்டில் அந்தப் பெயரில் பெரும்பாலும் செய்யப்பட்டது சைக்கிள் மணிதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வெளிப்பொருள் வந்தால் தாங்குமா, தாங்காவிட்டால் வேறெங்காவது போக வழி உண்டா. மணிக்கு எட்டு. சீப்புக்கு ஐந்து. ஒரு பள்ளிக் குழந்தைகூட சீப்பைத்தான் வெட்டியிருக்கும்.

அன்று காலை தேநீர் நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்னம்மா, உங்க அத்தான் மணி பத்திரமா இருக்கா? பட்டியல் உங்க மடியில இருக்கும்போது அவருக்கென்ன, மாப்பிள்ளை மாதிரி கால் மேல கால் போட்டுக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே காதுமடல் சுட்டது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட பொருள் வந்தால் அதில் கை வைக்கக்கூடாது. "உறவு" என்று ஒரே சொல்லில் குறிப்பெழுதிக் கோப்பைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். பக்கத்து மேசைக்காரர் அந்தச் சொல்லைப் படிக்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்த்தேன். கோப்பை நான் தள்ளவில்லை. அதற்குப் பதிலாக என் உறவையே வெட்டினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்தவுடன் நெஞ்சுக்குள் ஏதோ விறைப்பாக எழுந்து நின்றது. நான் படித்த கதைகளில் வருகிற நேர்மையான நீதிபதிகளைப் போல, மகனுக்கே தண்டனை எழுதுகிறவர்களைப் போல, என்னை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது.

ஆனால் காரணம் வேண்டுமே. எட்டு மதிப்பெண் வாங்கிய பொருளை வெட்ட, வழிகாட்டிக் குறிப்பில் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது: உள்நாட்டில் ஒரே உற்பத்தியாளர் மட்டும் உள்ள பொருளை முதலில் நீக்கலாம். தொழில் அலுவலகத்திலிருந்து வந்த தாளில் மணிக்கு நேராக நான்கு என்று இருந்தது. நான் காரணப் பத்தியில் "உற்பத்தியாளர் ஒருவரே" என்று எழுதினேன். பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். மணி மூன்று ஐம்பது.

அதைப் பிழை என்று சொல்லிக்கொள்ளப் பல நாள் முயன்றிருக்கிறேன். கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றுதான், அதனால் ஒன்று என்று எழுதிவிட்டேன் என்று. ஆனால் நான்கு என்ற எண்ணை நான் பார்த்தேன். அது ஊதா மையில் இருந்தது.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனதும் அழுதேன். அது நடிப்பில்லை. ஆனால் அழும்போது வாயில் வந்த சொற்கள் வேறு. "நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல." அத்தான் என் தலையில் கை வைத்து, "விடு குட்டி, நீ என்ன மந்திரியா," என்றார்.

பிறகு எல்லாம் பொருளாதாரப் புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே நடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆலை உள்நாட்டின் நான்கு பட்டறைகளும் வருடம் முழுக்கச் செய்வதை மூன்று வாரத்தில் செய்தது. மணி பாதி விலைக்கு வந்தது. டயர் இன்னொரு நாட்டிலிருந்து, சங்கிலி மற்றொன்றிலிருந்து. சைக்கிள் விலை இறங்கியது. எங்கள் நகரத்தில் சைக்கிள் பாகங்களைப் பொருத்தும் கம்பெனி இரண்டு கொட்டகை கூடுதலாகக் கட்டி, முந்நூறு பேரை வேலைக்கு எடுத்து, அண்டை நாடுகளுக்கே சைக்கிள் அனுப்பத் தொடங்கியது. வருடாந்திர அறிக்கையில் அந்த அத்தியாயத்தை நான்தான் எழுதினேன். "மொத்தத்தில் பலன்" என்பது என் வாசகம். துணைச் செயலர் அதற்குக் கீழே கோடு போட்டுப் பாராட்டினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. தெருவில் நடந்தால் தெரிகிறது, முன்பு பேருந்துக்குக் காத்திருந்த பெண்கள் இப்போது கூடை வைத்த சைக்கிளில் கடந்து போகிறார்கள். ஒவ்வொருத்தியும் என்னை ஒதுங்கச் சொல்லி மணி அடிக்கிறாள். நான் ஒதுங்குகிறேன். அது எங்கள் மணி இல்லை என்பது அடிக்கும்போதே தெரிந்துவிடும். எங்களுடையது கொஞ்சம் கரகரக்கும். அவர்களுடையது தெளிவாக, நீளமாக, முடிய மனமில்லாதது போல ஒலிக்கும்.

அத்தான் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பார்த்தார். உள்ளிருந்த பல்சக்கரத்தைக் கட்டைவிரலில் சுழற்றி, "நல்லாத்தான் செஞ்சிருக்கான் பாவி," என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நான் ஆவண அறைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை படிக்கட்டு வரை போனேன். புதன்கிழமை இறங்கினேன்.

ஆவண அறை கட்டடத்தின் அடியில் இருக்கிறது. அதன் காப்பாளரைப் பாதாளம் என்று கூப்பிடுவோம். அவர் முகத்துக்கு நேராகவும் அப்படித்தான். கோபித்துக்கொள்ள மாட்டார்.

"வாங்க மேல்லோகம்," என்றார். "உங்க காலடி பட்டு எத்தனை நாளாச்சு. என்ன வேணும்?"

சொன்னேன். ஏணியை நகர்த்தி, நடுத்தட்டிலிருந்து ஒரு கோப்புக் கட்டை எடுத்து, தும்மிவிட்டு, பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். என் கையெழுத்து அங்கே இருந்தது. மூன்று வருடத்தில் நான் வேறு மாதிரி எழுதப் பழகியிருந்தேன், ஆனால் அது என்னுடையதுதான். மணிகள் என்ற வரியின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன். கையால்கூடப் போடவில்லை.

"நகல் நானே எடுத்துக்கறேன்," என்றேன்.

"எடுங்க, எடுங்க. மெஷின் சூடாக அஞ்சு நிமிஷம் ஆகும். கிழவன், என்னை மாதிரி."

அவர் ஏணியைத் திருப்பி வைக்கப் போன நேரத்தில், வெள்ளைத் தாள் ஒன்றை நீளமாகக் கிழித்து, காரணப் பத்தியின் மேல் வைத்து நகல் எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. பொருளின் பெயர், எட்டு மதிப்பெண், மேலே கோடு. அதற்கு அப்பால் வெறும் வெண்மை, பனி பெய்த வயல் போல. அந்த வெண்மையை நான் ஒரு கணம் ஆசையோடு பார்த்தேன்.

பாதாளம் முத்திரையை ஊதினார், மையில் தொட்டார், தாளைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார்.

"இங்க ஒரு பத்தி காணோம்."

"அது தேவையில்ல. கேட்டது அந்தப் பொருள் இருந்ததுக்கு சான்று மட்டும்தான்."

"தேவையா இல்லையான்னு தீர்மானிக்கறது மேல்லோகத்து வேலை. என் வேலை, மூலத்துல என்ன இருக்கோ அது நகல்லயும் இருக்கான்னு பாக்கறது. பத்தி மறைஞ்சா முத்திரை இல்ல." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாரையாவது காப்பாத்தறீங்களாம்மா?"

"ஆமா."

"நல்ல மனசு. ஆனா முத்திரை குத்த முடியாது."

யாரைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. இரண்டாவது முறை எதையும் மறைக்காமல் எடுத்தேன். முத்திரை விழுந்த சத்தம் அந்தத் தாழ்ந்த அறையில் பெரிதாகக் கேட்டது. இரண்டு தாளும் என் பையில் இருந்தன, முத்திரை உள்ளதும் இல்லாததும். புதன் மாலை நான் பட்டறைக்குப் போகவில்லை. தலைவலி என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "தாள் கெடச்சுதா?" என்று கேட்டாள். "கெடச்சுது" என்றேன். "என் தங்கம்" என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை நண்பகலில் போனேன். மூன்றாவது பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. டிரிங் அக்கா என்னைப் பார்த்ததும் பின்னலைக் கீழே வைத்து, "வந்துட்டாங்கப்பா நம்ம வக்கீலு," என்று உள்ளே குரல் கொடுத்தாள். அத்தான் அவளிடமும் சொல்லியிருந்தார். எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்குள் விண்ணப்பம் தயாராக, ஓரங்களை ஒன்றாகத் தட்டி, ஊசி குத்தக் காத்திருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காராமல் பையைத் திறந்து தாளை அத்தானிடம் கொடுத்தேன். முதலில் என் விரல்கள் தொட்டது வெள்ளைப் பத்தி உள்ள தாளை. அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். இதைத் துணிச்சல் என்று நான் சொல்ல வரவில்லை. முத்திரை இல்லாமல் அந்த விண்ணப்பத்துக்கு உயிரில்லை. வேறு வழி இருந்திருந்தால் அந்த வழியில் போயிருப்பேன்.

அத்தான் முத்திரையைத்தான் முதலில் பார்த்தார். "பளிச்சுன்னு விழுந்திருக்கு!" பிறகு வரியை விரலால் தேடினார். "மணிகள், மின்சாரம்... இதோ. எட்டு! ஏய், நமக்கு எட்டுடி! நான் பள்ளிக்கூடத்துலகூட எட்டு வாங்கினதில்ல." அக்கா சிரித்தாள். விரல் வலப்பக்கம் நகர்ந்தது. நின்றது.

தடுப்புக்கு அப்பால் பிரஸ் இறங்கியது, ஏறியது, இறங்கியது.

"இது யாரோட எழுத்து?" என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டார். அவருடைய அட்டைப்பெட்டிகளில் நான்கு வருடம் முகவரி எழுதியவள் நான்.

"என்னோடதுதான் அத்தான்."

"அவங்க சொல்லி நீ எழுதினதா?"

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் நுழைய ஒரே ஒரு "ஆமா" போதும்.

"இல்ல. யாரும் சொல்லல. சீப்பத்தான் வெட்டியிருக்கணும். நான் மணிய வெட்டினேன். நம்ம வீட்டுக்குப் பாத்துப் பண்ணிட்டான்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு."

அக்கா தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். படித்தாள். அவளுக்குப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை, இரண்டே சொற்கள்தானே.

"யாரு சொல்லக்கூடாது?" என்றாள்.

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல." அவள் தலையாட்டினாள். "அவங்க நாலு பேரு டீ குடிச்சிக்கிட்டே ஏதோ சொல்லிருவாங்கன்னு. சரி. என் புடவையில மூக்க சிந்தினியே, அது எதுக்கு?"

"அக்கா..."

"மூணு வருஷமா இந்த மனுஷன் ஊரு பூரா சொல்லிட்டுத் திரியறாரு, எங்க குட்டி ஒத்தையா நின்னு போராடினான்னு. வெளிய இருக்கறவ உன்ன வக்கீலுங்கறா. கேட்டுட்டுத்தானே உள்ள வந்த? காது கூசலயா உனக்கு?"

"கூசுது."

"கூசட்டும்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் நிமிர்ந்தே இருந்தன. அத்தான் தாளை அவளிடமிருந்து மெல்ல வாங்கி, மேசையில் விரித்து, ஓரம் சுருளாமல் இருக்க இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அதற்காக மூன்று வருடமாகத் தயாராகியிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாக்கியங்கள்கூட நல்ல நடையில் மனப்பாடமாக இருந்தன.

"ஒருவரேன்னு போட்டிருக்க," என்றார்.

"ஆமா."

"நாங்க நாலு பேரு இருந்தமே."

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன். என் மணியோட நெம்புகோல அப்படியே காப்பியடிச்சவன், அவன் கூட நான் கல்யாண வீட்டுலகூடப் பேச மாட்டேன். அப்புறம் தண்ணித் தொட்டி கிட்ட அந்த அம்மா, புருஷன் போனப்புறம் ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கிட்டு ஓட்டிட்டிருந்தாங்க. சின்ன மணி மட்டும் செய்வாங்க, பசங்க சைக்கிளுக்கு. அப்புறம் முதலாளின்னு ஒருத்தரு, நாங்க எல்லாம் அவருகிட்டத்தான் வேல கத்துக்கிட்டோம்." விரல்விட்டு எண்ணிய கையை அவர் மடக்கவில்லை. மூன்று விரல்களும் அப்படியே மேசைமேல் நின்றன. "இவங்கள உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது. எண்ணிக்கை மட்டும் தெரியும்."

"ம்."

உண்மையில் அந்த மூன்று வருடமும் நான் வருந்தியது இந்த ஒரு கண்ணாடித் தடுப்புக்காக மட்டுமே. என் வீட்டைத்தான் வெட்டினேன், என் கையைத்தான் சுட்டுக்கொண்டேன் என்ற எண்ணத்தில் ஒரு ரகசியமான இனிப்பு இருந்தது. குற்ற உணர்ச்சியைக்கூட நான் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். சின்ன மணி செய்த ஓர் அம்மாவும் அவளுடைய இரண்டு பெண்களும் அதில் ஒருநாளும் வந்ததில்லை.

"இந்தத் திட்டம் அவங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

"திட்டம் தெரியும். பேப்பர்லயே வந்துச்சே. ஆனா முதல் லிஸ்ட்ல மணி இருந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே நீ அழுதுக்கிட்டே சொன்னதாலதான் தெரியும். மணிக்கு இது கிடையாதுன்னு நினைச்சு விட்டிருப்பாங்க. முதலாளி போன வாரம் பிரஸ்ஸ வித்துட்டாருன்னு கேள்வி. வித்தாரா, பேசிட்டிருக்காரா, தெரியல." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அவங்களா எழுதிக் கேட்டா இந்தத் தாளு எப்ப வரும்?"

"முப்பது நாள். நானே போனா கையோட. ஆனா மத்தியானத்துக்கு மேல ஆவண அறை கிடையாது."

"நாளைக்கு அஞ்சு மணி."

"ஆமா."

அக்கா இன்னும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் கழுத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அத்தான் தாளை விண்ணப்பத்தின் கடைசியில் வைத்தார். ஓரங்களை மறுபடி தட்டினார். ஊசி குத்தினார். இதையெல்லாம் மிக மெதுவாக, ஒரு பல்சக்கரத்தை அதன் இடத்தில் உட்கார வைப்பது போலச் செய்தார். பிறகு என் பக்கம் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளினார். அதில் மூன்று முகவரிகள் எழுதினார். பாலத்துக்கு அந்தப் பக்கத்தவரின் முகவரியை எழுதும்போது ஒரு கணம் தயங்கி, கதவு எண்ணைச் சரியாகவே எழுதினார்.

"நான் போக முடியாது குட்டி. போனா எங்க வீட்டுப் பொண்ணு தப்பு பண்ணிட்டான்னு சொல்லணும், என் வாயில அது வராது. உன்ன விட்டுக்குடுத்துப் பேச எனக்குப் பழக்கமில்ல." அவர் பேனாவை மூடி வைத்தார். "தாள மட்டும் யார்கிட்டயாவது குடுத்தனுப்பிராத. அந்த ஒருவரேங்கறதப் படிச்சிட்டு அவங்க யார்கிட்டப் போய்க் கேப்பாங்க? நாளைக்குக் காலையில மூணு காப்பி எடுத்துக்கோ. நீயே போ. அந்த அம்மா வீட்டுக்கு முதல்ல போ. உள்ள கூப்பிடுவாங்க, உக்காரச் சொல்லுவாங்க. உக்காந்துட்டு, இது என் கையெழுத்துன்னு நீயே உன் வாயால சொல்லணும். போறியா?"